மணல் காற்று அடித்த மறுநாள்... நீச்சல் குளத்து ஃபில்டரைக் காப்பாற்றுவது எப்படி?

துபாய் புறநகரில் ஒரு வில்லா. ஜூலை மாதம். முதல் நாள் இரவு முழுக்க ஜன்னல் கண்ணாடியில் மணல் உரசும் சத்தம். விடிந்ததும் பின்பக்கக் கதவைத் திறந்த அந்தத் தஞ்சாவூர்ப் பெண்மணிக்குப் பகீரென்றது. நேற்று மாலை வரை நீலமாகப் பளபளத்த நீச்சல் குளம், டீ கொட்டியதுபோல் கலங்கிக் கிடந்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளி விடுமுறை. நீச்சல் உடையோடு பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"மோட்டாரைப் போட்டுவிட்டால் தானாகத் தெளிந்துவிடும்" என்று நினைத்து ஸ்விட்சைத் தட்டினார். மதியத்துக்குள் குளத்துக்குத் திரும்பி வரும் தண்ணீரின் வேகம் பாதியாகக் குறைந்துபோனது. ஃபில்டர் மீதிருந்த பிரஷர் மீட்டரின் முள் எகிறி நின்றது. சாயங்காலம், குளத்தைப் பராமரிக்கும் ராமநாதபுரத்து இளைஞர் வந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி...

"அக்கா, மோட்டாரை யாரு போட்டது?"

"நான்தான் தம்பி. ஓடினா தெளிஞ்சிடும்னு நினைச்சேன்."

"தரையில கிடக்குற மணலை அள்ளாம மோட்டாரைப் போட்டா, அது ஃபில்டருக்குள்ளதானக்கா போகும்?"

வளைகுடா நாடுகளில் நீச்சல் குளம் உள்ள வீடுகளில் கோடைதோறும் நடக்கும் தவறு இது. சில மணி நேரப் பொறுமை இருந்தால், ஃபில்டரும் தப்பிக்கும், பம்பும் தப்பிக்கும்.

மணல் வேறு, தூசி வேறு

வளைகுடாவில் கோடையில் வீசும் இந்தக் காற்றுக்கு 'ஷமால்' என்று பெயர். அரபு மொழியில் 'வடக்கு' என்று அர்த்தம். வடமேற்கே உள்ள ஈராக் சமவெளியிலிருந்து கிளம்பி, வளைகுடா முழுக்க வீசும். ஜூன், ஜூலை மாதங்களில் இதன் வேகம் அதிகம்.

இந்தக் காற்று இரண்டு விதமான பொருள்களைக் கொண்டு வருகிறது. ஒன்று மணல், மற்றொன்று தூசி. இரண்டையும் ஒரே வழியில் தடுக்க முடியாது.

பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட், வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் சுற்றியும், ஆய்வுக்கூடத்தில் காற்றுச் சுரங்கம் அமைத்தும் மணலின் போக்கை ஆராய்ந்தவர். 1941-ல் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை. மணல் துகள் பறவைபோல் பறப்பதில்லை. தவளைபோல் தாவித் தாவித்தான் போகிறது. ஒரு துகள் தரையில் விழும்போது, அங்கே கிடக்கும் வேறு துகள்களையும் எழுப்பிவிடும். அதனால் மணலின் பெரும்பகுதி தரையை ஒட்டியே, முழங்கால் உயரத்துக்குள் நகர்கிறது.

தூசி அப்படியல்ல. மாவுபோல் நுண்மையானது. மேலே எழும்பினால் பல நூறு கிலோமீட்டர் மிதந்து செல்லும். எந்தச் சுவரையும் தாண்டி வரும்.

மணலைத் தாழ்வான தடுப்பு ஒன்றே பெருமளவு நிறுத்திவிடும். தூசியை நிறுத்தக் குளத்தின் மேல் மூடிதான் போட வேண்டும்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது?

பெரும்பாலான வீட்டுக் குளங்களில் இருப்பது 'சாண்ட் ஃபில்டர்'. வேடிக்கை என்னவென்றால், அதன் வயிற்றுக்குள் இருப்பதும் மணல்தான்! ஆனால், அது சலித்து எடுத்த சிலிக்கா மணல். ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அந்தத் துகள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் அழுக்கு சிக்குகிறது.

பாலைவன மணலும் தூசியும் அதைவிடப் பொடியானவை. மொத்தமாக உள்ளே போனால் அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் பிரஷர் ஏறும். மடிப்பு மடிப்பாக இருக்கும் 'கார்ட்ரிட்ஜ்' வகை ஃபில்டர் என்றால், இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஃபில்டருக்கு முன்னால் பம்ப் இருக்கிறது. அதன் வாயில் உள்ள கூடை, இலையையும் முடியையும் பிடிக்குமே தவிர மணலைப் பிடிக்காது. உள்ளே போகும் மணல், தண்ணீரைத் தள்ளும் இறக்கையையும், கசிவைத் தடுக்கும் சீலையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அடிக்கடி சீல் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

காற்று வருவதற்கு முன்...

* அமீரகத்தின் தேசிய வானிலை மையம் தூசிக் காற்று குறித்து முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்த்ததும் குளத்தின் மீது கவரை இழுத்து மூடி, ஓரங்களில் எடை வையுங்கள்.

* காற்று உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் பம்பை நிறுத்திவையுங்கள். நாள்கணக்கில் நிறுத்தக் கூடாது. அந்த வெயிலில் ஓடாத தண்ணீர் சீக்கிரமே பாசி பிடித்துவிடும்.

* குளத்தின் ஓரத்தில் மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் 'ஸ்கிம்மர்' கூடைக்கு மெல்லிய வலை உறை மாட்டலாம். பழைய நைலான் காலுறைகூடப் போதும். மிதக்கும் தூசியில் ஒரு பகுதி அதிலேயே நின்றுவிடும். ஆனால், அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால், அடிக்கடி கழற்றி அலச வேண்டும்.

* சாதாரணக் கவர் என்பது தூசிக்கான மூடி மட்டுமே. குழந்தை அதன்மீது கால் வைத்தால் உள்ளே அமிழ்ந்துவிடும். கவர் போட்டிருக்கிறது என்று கேட்டைத் திறந்து வைத்துவிடாதீர்கள்.

காற்று அடங்கிய பிறகு...

இங்கே வரிசை முக்கியம்.

முதலில், குளத்தைச் சுற்றியுள்ள தரையைப் பெருக்குங்கள். குளத்துக்கு வெளிப்பக்கமாகப் பெருக்க வேண்டும். ஹோஸ் பைப்பால் அடித்தால், பாதி மணல் குளத்துக்குள்தான் போகும். கவர் போட்டிருந்தால், அதன் மேல் உள்ள மணலை அகற்றிவிட்டுத்தான் கவரைச் சுருட்ட வேண்டும்.

இரண்டாவது, மிதப்பவற்றை வலையால் அள்ளிவிட்டு, ஸ்கிம்மர் கூடையையும் பம்ப் கூடையையும் சுத்தம் செய்யுங்கள்.

மூன்றாவது, பம்பைப் போடாமல் காத்திருங்கள். ஓர் இரவு போதும். மணல் தரையில் படிந்துவிடும். மிக நுண்ணிய தூசி மட்டும் படியாமல் நிற்கும். கிராமத்தில் கலங்கிய தண்ணீரில் படிகாரம் போடுவதுபோல, நீச்சல் குளத்துக்கும் படிகார வகை மருந்து உண்டு. தூசியைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. திரண்ட கசடு உள்ளே போனால், கார்ட்ரிட்ஜே வீணாகிவிடலாம்.

நான்காவதுதான் ரகசியம். ஃபில்டர் தலையில் உள்ள வால்வில் 'வேஸ்ட்' என்று ஓர் இடம் இருக்கும். அதில் வைத்து வேக்கம் செய்தால், தரையில் உள்ள மணல் ஃபில்டருக்குள் நுழையாமல் நேராக வெளியே போய்விடும். கூடவே தண்ணீரும் வெளியேறும் என்பதால், குளத்தை முன்கூட்டியே சற்று நிரப்பிவைக்க வேண்டும். வேக்கம் தலையை மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் மணல் மறுபடி கலங்கும். வேஸ்ட் வழி இல்லாத குளங்களுக்கு, பையோடு கூடிய கையடக்க வேக்கமோ தனி பம்போ தேவைப்படும்.

ஐந்தாவது, இப்போது ஃபில்டரை ஓடவிடலாம். சுத்தமாக இருக்கும்போது மீட்டர் காட்டும் பிரஷரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால், பேக்வாஷ் செய்யும் நேரம் வந்துவிட்டது. உதாரணமாக, சுத்தமான ஃபில்டர் 12 காட்டினால், 20-ஐத் தொடும்போது செய்யலாம். பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை, இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ். பிறகு அரை நிமிடம் 'ரின்ஸ்'. அதன் பிறகுதான் 'ஃபில்டர்'. ஒவ்வொரு முறை வால்வைத் திருப்பும்போதும் பம்ப் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே உள்ள ரப்பர் பிய்ந்துவிடும்.

கடைசியாக, குளோரினைச் சோதியுங்கள். காற்றோடு வந்த அழுக்கு குளோரினைத் தின்றிருக்கும். பி.ஹெச். அளவு 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும்.

மணல் எந்தப் பக்கம் கிடக்கிறது?

காற்றே அடிக்காத நாளிலும் குளத்தில் மணல் சேர்கிறதா? அது கிடக்கும் இடத்தைக் கவனியுங்கள். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் கிடந்தால், அது வெளியிலிருந்து வந்தது. தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய்க்கு நேர் கீழே சிறு குவியலாகக் கிடந்தால், ஃபில்டரின் சொந்த மணல் வெளியேறுகிறது என்று சந்தேகிக்கலாம். உள்ளே அடியில் உள்ள துளைக் குழாய்கள் உடைந்திருக்கக்கூடும். கவர் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. ஃபில்டரைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

வேலியில் ஓட்டை இருக்கட்டும்!

அடிக்கடி மணல் வரும் வீடுகளுக்கு நிரந்தரத் தீர்வு, வடமேற்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு. ஆனால், முழுச் சுவரைவிடப் பாதி திறப்புள்ள வேலி நல்லது. முழுச் சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். அந்தச் சுழலிலேயே மணலைக் கொட்டிவிடும். செடி வேலியோ, மரச்சட்ட வேலியோ காற்றைச் சலித்து மெதுவாக்கும். வேலியின் உயரத்தைப்போல ஏறக்குறைய 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். இடம் உள்ளவர்கள் அமீரகத்தின் தேசிய மரமான காஃப் மரத்தை, குளத்திலிருந்து தள்ளி வளர்க்கலாம். மிக அருகில் வைத்தால், மணலுக்குப் பதில் இலை விழும்.

யார் இறங்கலாம், யாரை அழைக்கலாம்?

கலங்கிய குளத்தில் ஃபில்டரைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அடியில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தாலும் மேலிருந்து தெரியாது. ஆழமான பகுதியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை என்றால், பெரியவர்கள் உட்பட யாரும் இறங்கக் கூடாது.

இன்னொன்று, சுத்தம் செய்ய வருபவரும் அதே வெயிலில்தான் நிற்கிறார். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பிற்பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. ஷமால் காற்றின் காலமும் இதுதான். "பிள்ளைங்க குளிக்கணும், உடனே வாங்க" என்று மதியம் போன் செய்வதை விட்டுவிடலாம். எப்படியும் மணல் படிய ஓர் இரவு வேண்டும்.

அந்தத் தஞ்சாவூர் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அன்று மாலை பேக்வாஷ் செய்து பம்பை நிறுத்திவிட்டுப் போன இளைஞர், மறுநாள் விடியற்காலையில் வந்து, படிந்திருந்த மணலை வேஸ்ட் வழியாக வெளியேற்றினார். பகல் முழுக்க ஃபில்டர் ஓடியது. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, ஒரு திர்ஹாம் நாணயத்தை ஆழமான பக்கத்தில் போட்டார் அம்மா. அது அடியில் போய்ச் சேரும் வரை கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்திலேயே வடிகால் மூடியும் பளிச்சென்று தெரிந்தது.

"ம்ம்... இப்போ போங்க!"

நாணயத்தை யார் எடுப்பது என்று அடுத்த சண்டை ஆரம்பமானது.