உள்ளத்தின் நோய்க்கும் மருந்துண்டு

ஒளுச் செய்ய அமர்ந்தவர் கையைக் கழுவுகிறார், மீண்டும் கழுவுகிறார், முழங்கை நனையவில்லையோ என ஐயுற்று முதலிலிருந்து தொடங்குகிறார். ஜமாஅத் முடிந்து மக்கள் வெளியேறும்போதும் அவர் ஹவுளின் ஓரத்திலேயே இருக்கிறார். இத்தகையோரை வாசகர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். சிலர் அவரைப் பேணுதல் மிக்கவர் என்பர், சிலர் நகைப்பர். அவர் உள்ளே படும் வேதனையை அறிவோர் அரிது.

இந்த வஸ்வாஸை ஒரு நோயாகவே கண்டு, அதற்குத் தனி அத்தியாயம் எழுதிய பேரறிஞர் ஒருவர் நம்மில் இருந்தார். இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்து, கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ அவர்களே அவர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் அவருடைய நூலின் முற்பகுதி உடல் நலத்தையும், பிற்பகுதி உள நலத்தையும் பேசுகிறது. உடல் நோய் வாராமலே வாழ்ந்து மறைவோர் இருக்கக்கூடும். கவலையும் அச்சமும் கோபமும் தீண்டாத மனிதர் எவருமிலர் என்பது அவர் கருத்து. ஆயினும் மருத்துவர்கள் உடலை மட்டுமே நோக்குகின்றனரே என்று அன்றே வருந்தினார்!

அவர் கூறிய வழி எளியது. திடீர் நோய்க்கென மருந்தை முன்னரே வீட்டில் வைத்திருக்கிறோம் அல்லவா? அவ்வாறே, மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைத் தேடிச் சேமித்து வைக்க வேண்டும். துயரம் தாக்கும்போது அவற்றை எடுத்து ஆள வேண்டும். வஸ்வாஸ் உடையவர் தனிமையையும் வேலையின்மையையும் தவிர்க்க வேண்டும் என்றார். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணமின்றிச் சூழும் துயரத்தையும் பிரித்துக் காட்டி, பின்னது உடலிலிருந்து எழுவது, அதற்கு மருந்தும் தேவை என்றார். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த சிந்தனைவழிச் சிகிச்சைக்கு இது எத்துணை நெருக்கமானது என்பதை, சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ 2013இல் இதன் உளவியல் பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது எடுத்துக்காட்டினார்.

நம் வீடுகளிலோ, மகன் உணவை வெறுத்து மூலையில் முடங்கினால் ‘ஈமானில் குறை’ என்கிறோம். மகளுக்கு வந்தால், சம்பந்தம் கெடுமே என்று மறைக்கிறோம். மைந்தர் யூஸுஃபை இழந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் அழுதழுது கண்ணொளி இழந்தார்களே, அவர்களின் ஈமானிலா குறை? துயருற்ற வீட்டாருக்கு வாற்கோதுமைக் கஞ்சியாகிய தல்பீனாவைக் காய்ச்சித் தரும் அன்னை ஆயிஷா (ரலி), அது நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதலளித்துக் கவலையில் ஒரு பங்கைப் போக்கும் என நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதாக அறிவித்துள்ளார்கள். துயரத்தில் இருப்பவருக்குக் கண்டனத்தைக் கொடுக்கவில்லை, கஞ்சியைக் கொடுத்தார்கள்!

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை, நானும் ஓதுபவனே. ஓதுதல் மருத்துவரிடம் செல்வதைத் தடுக்குமானால்தான் பிழை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கு விட்டுச் சென்றவர்களும் குணமாகும் என்று நம்பிய குடும்பத்தாரே. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது.

உங்கள் வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் உறக்கமின்றி, பேச்சின்றி, வாழ்வை வெறுத்துப் பேசினால், காத்திராதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். வெளியில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அழைத்துச் செல்லும்போது உடன் சென்று அமருங்கள். வழி நெடுக உபதேசம் வேண்டாம்.