பத்திரமா வெச்ச ஹேண்ட்பேக்தான் முதல்ல உரியுது... ஏன்?

கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரம். பீரோ மேல்தட்டில், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரோடு அப்படியே இருக்கும் ஹேண்ட்பேக்கை எடுக்கிறீர்கள். மொத்தமே நாலு முறைதான் தோளில் ஏறியிருக்கும். தொட்டால் பிசுபிசுவென ஒட்டுகிறது. துடைத்தால் கறுப்புத் துகள்கள் உதிர்ந்து பட்டுப்புடவை முழுக்க ஒட்டிக்கொள்கின்றன. தினமும் பஸ்ஸில் நசுங்கும் 300 ரூபாய் கேன்வாஸ் பையோ, கதவுக்குப் பின்னால் ஒன்றும் ஆகாமல் தொங்குகிறது.

'உனக்குப் பொருளை வெச்சுக்கத் தெரியலை' என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பை அதிகம் பயன்படுத்தியதால் கெடவில்லை. காற்றுப்படாமல் மூடி வைத்திருந்ததால் சீக்கிரம் கெட்டது. போன வாரம் குடை ரிப்பேர் பார்த்தோம். இந்த வாரம் ஹேண்ட்பேக்.

உங்க பை எந்த ரகம்?

லெதர் மாதிரி தெரியும் பைகளில், கொஞ்சம் விலை குறைந்தவை பெரும்பாலும் லெதரே கிடையாது. துணி மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். டேகில் 'பி.யு.', 'ஃபாக்ஸ் லெதர்' என்று இருக்கும். இப்போது 'வீகன் லெதர்' என்ற பெயரிலும் இதுவே நிறைய வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, பொருள் பழசுதான்.

இந்தப் படலத்துக்கு எதிரி காற்றிலிருக்கும் ஈரம். ஈரம் உள்ளே போய் பாலியூரித்தேனின் பிணைப்புகளை மெதுவாக அறுக்கும். பள்ளிக்கூட வேதியியலில் 'நீராற்பகுத்தல்' என்று படித்தோமே, அதுதான். சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் சூடு, ஈரம் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. பிளாஸ்டிக் கவருக்குள் மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வேலை பார்க்கும். ஆசையாக எடுத்து வைத்த ஷூவின் அடிப்பாகம், ரொம்ப நாள் கழித்துப் போட்டதும் பிஸ்கட் மாதிரி நொறுங்குவதும் பல நேரம் இதனால்தான்.

உங்கள் பை எந்த ரகம் என்று பார்க்க லைட்டரால் சுட வேண்டாம் (யூடியூப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்). உள் பாக்கெட் ஓரத்திலோ கைப்பிடி நுனியிலோ வெட்டிய விளிம்பு தெரியும். அங்கே துணி இழையும் அதன் மேல் ஒரு படலமும் தனித்தனியாகத் தெரிந்தால் அது பி.யு. பஞ்சு மாதிரி நார்நாராக, ஒரே பொருளாகத் தெரிந்தால் லெதராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பி.யு. பை என்றால்...

ஒரு மக் தண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பூ. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் சானிடைசரும் பக்கத்திலேயே வரக் கூடாது. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் படலத்தைக் கரைத்துவிடும். லெதர் கண்டிஷனர், தேங்காய் எண்ணெய் எல்லாம் இதற்குள் இறங்காது. மேலே பளபளப்பாக நிற்கும், தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் கவருக்குப் பதில் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். உள்ளே பழைய டி-ஷர்ட்டைச் சுருட்டி வைத்தால் மடிப்பு விழாது. செய்தித்தாள் வேண்டாம், மை உள்துணியில் ஒட்டும். மாதம் ரெண்டு தடவையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள், அல்லது நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். இவ்வளவு செய்தாலும் பி.யு.வுக்கு ஆயுள் நீளுமே தவிர, அது தலைமுறைக்கும் வராது.

உரிய ஆரம்பித்துவிட்டதா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதற்கு வைத்தியம் இல்லை. மேலே பூசும் பெயின்ட் கொஞ்ச நாள் தாங்கும், அடியில் இருக்கும் படலம் உரிவது நிற்காது. செயின், பக்கிள் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொண்டு பையைத் தூக்கிப் போடுங்கள்.

நிஜ லெதர் என்றால்...

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் நம்மிடம் வரிசையாக இருக்கின்றன. தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948-ல் தொடங்கிய மத்திய நிறுவனம் சென்னை அடையாறில் இருக்கிறது. அப்படியும் நம் தோளில் தொங்குவது பெரும்பாலும் பி.யு.தான். அது வேறு கதை.

லெதர் எண்ணெயை உறிஞ்சும், தண்ணீரையும் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை படர்வது அதனால்தான். பூத்துவிட்டால் பையை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்குள் தட்டினால் மற்ற பைகளுக்கும் பரவும். பிறகு லேசாக ஈரத்துணியால் துடைத்து, நிழலில் முழுசாக உலரவிடுங்கள். துடைத்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மழையில் நனைந்த லெதரை வெயிலில் போடக் கூடாது, ஹேர் டிரையரும் கூடாது. சட்டென்று காய்ந்தால் விறைத்து வெடிக்கும். ஒற்றி எடுத்து, உள்ளே துணி அடைத்து, ஃபேன் காற்றில் விடுங்கள். வருஷத்துக்கு ரெண்டு, மூணு முறை லெதர் க்ரீம் மெல்லிசாகத் தடவினால் போதும். அதை முதலில் அடிப்பக்கத்தில் தடவி, நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். தேங்காய் எண்ணெயை அம்மாக்கள் சிபாரிசு செய்வார்கள். லெதர் மிருதுவாவது என்னவோ நிஜம். ஆனால், திட்டுத் திட்டாகக் கறுக்கும், அந்த எண்ணெய் புடவையிலும் இறங்கும்.

பைக்குள்ளே ஒரு சமையலறை

பாதிச் சேதம் உள்ளிருந்து வருகிறது. கசியும் டிபன் பாக்ஸ், நனைந்த குடை, தலையிலிருந்து எடுத்து உள்ளே போட்டு மறந்துபோன மல்லிகைப்பூ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைக் கவிழ்த்துக் கொட்டி, உள்துணியை வெளியே இழுத்து உதறுங்கள். பாட்டிலும் குடையும் தனித் துணிப்பையில் போகட்டும்.

சாம்பார் கொட்டிவிட்டால்? சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள். சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். அலசிவிட்டு, கறை பட்ட உள்துணியை மட்டும் வெளியே இழுத்து வெயில்படக் காட்டினால் மஞ்சள் தானாக மங்கும். பையின் மேல்பக்கம் வெயிலில் படாமல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள்.

கைப்பிடியும் ஜிப்பும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டிபன், சார்ஜர், பவர் பேங்க், சில்லறை என்று சேர்ந்தால் ரெண்டரை, மூணு கிலோவை நாலு தையல் தாங்குகிறது. கைப்பிடி பையோடு சேரும் இடத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு நூல் பிரிந்திருந்தாலே தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். பிய்ந்த பிறகு போனால் ஒட்டுத்துண்டு வைத்துத் தைக்க வேண்டும், அது எப்போதும் தெரியும். வீட்டில் இருக்கும்போது ஆணியில் தொங்கவிடாமல் தட்டில் உட்கார வையுங்கள்.

ஜிப் இறுகினால் இழுத்துச் சண்டை போட வேண்டாம். மெழுகுவத்தியைப் பல்வரிசையில் தேய்த்து ரெண்டு முறை ஓட்டினால் வழுக்கும். ஜிப் மூடிய பிறகும் பின்னால் வாய் பிளந்தால், பல் நன்றாகத்தான் இருக்கும், ரன்னர்தான் தேய்ந்திருக்கும். முழு ஜிப்பையும் மாற்றச் சொன்னால் 'ரன்னர் மட்டும் மாத்துங்க' என்று கேளுங்கள். பல் உதிராதவரை பெரும்பாலும் அது போதும், செலவும் குறைவு.

புதுசு வாங்கப் போகிறீர்களா? தினசரி ஆபீஸுக்கு என்றால் கேன்வாஸ் அல்லது நைலான்தான் என் ஓட்டு. லெதர் லுக்தான் வேண்டும் என்றால், கடையில் பையை உள்வெளியாகத் திருப்பி விளிம்பைப் பாருங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள், டெலிவரி ஆன அன்றே அஞ்சு ஸ்டார் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, ஒரு மழைக்காலம் தாண்டி எழுதியவர்களின் ரிவ்யூவைத் தேடிப் படியுங்கள்.