ஞாயிறும் ஒரு பாடமே!

வெளிநாட்டில் பயிலும் மகனோ மகளோ ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி, "சாப்பிட்டாயா?" என்பது. அடுத்த கேள்வி, "இன்று என்ன படித்தாய்?" என்பது. "இன்று ஒன்றும் படிக்கவில்லை, ஆற்றங்கரையில் நடந்தேன், புல்வெளியில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிவு பிள்ளைகள் பலருக்கு இல்லை. கடன் பெற்று அனுப்பிய தந்தையின் முகமும், நகையை அடகு வைத்த தாயின் வெறுங்கழுத்தும் கண்முன் நிற்கையில் அத்துணிவு எங்ஙனம் வரும்? ஆயினும், அவ்வுண்மையைப் பிள்ளைகள் கூசாமல் சொல்லலாம். பெற்றோரும் மகிழ்ந்து கேட்கலாம். இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விழையும் கருத்தாகும்.

இஃது ஒருசில குடும்பங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2023-24 ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியின் உயர்கல்வி நிலையங்களில் பயின்ற இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேற்பட்டோர். அந்நாட்டில் பயிலும் வெளிநாட்டு மாணவருள் அவர்களே பெருந்தொகையினர். நம் கல்லூரிப் படிக்கட்டுகளில் அமர்ந்து கனவு காணும் மாணவர் சிலரும் நாளை அங்கே செல்லக்கூடும்.

நெக்கார் ஆற்றங்கரையில்

ஹைடல்பெர்க் நகரை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஜெர்மனியில் மிகப் பழைமையான பல்கலைக்கழகம் அங்குதான் உள்ளது. அது நிறுவப்பெற்ற ஆண்டு 1386. நகரை ஊடறுத்து நெக்கார் ஆறு ஓடுகிறது. ஒரு கரையில் செந்நிறக் கற்களால் எழுந்து இடிந்து நிற்கும் கோட்டை; மறு கரையில் மலைச்சரிவு.

அங்கே ஞாயிறு, சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது எனலாம். மறுநாள் கடைகள் திறவா. எனவே பாலும் வெங்காயமும் அரிசியும் அன்றே வாங்கியாக வேண்டும். மறந்தவர்க்குத் தொடர்வண்டி நிலையத்துக் கடைதான் கதி. ஞாயிறு காலையில் ரொட்டிக்கடை மட்டும் சில மணி நேரம் திறந்திருக்கும். சூடான சிறு ரொட்டிகளைக் காகிதப் பையில் வாங்கிக்கொண்டு, கோயில் மணியோசை கேட்டவாறே மாணவர் அறைக்குத் திரும்புவர். சுவரில் துளையிடும் ஓசை இல்லை. புல்வெட்டும் பொறியின் இரைச்சல் இல்லை. வெற்றுக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருவோரத் தொட்டியில் போடுவதற்குக்கூட அன்று தடையுண்டு; அவை உடையும் ஓசை அயலாரின் அமைதியைக் குலைக்குமாம்!

பின்னர் வீட்டாருடன் பேச்சு. பிற்பகலில் நடை. ஆற்றின் வடகரைச் சரிவில் 'தத்துவஞானியர் பாதை' என்று ஒரு பாதை உண்டு. பேராசிரியரும் மாணவரும் உரையாடியபடி நடந்த வழி என்பதால் வந்த பெயர் அது. அங்கிருந்து பாம்புபோல் வளைந்திறங்கும் வழியில் வந்தால் பழைய பாலத்தை அடையலாம். வெயில் நாளானால் ஆற்றங்கரைப் புல்வெளி முழுதும் மாணவர் கூட்டம். மூன்று, நான்கு மணியளவில் காப்பியும் கேக்கும். அஃது அந்நாட்டு வீடுகளின் பழைய வழக்கம். இரவு 8.15 மணிக்குத் தொலைக்காட்சியில் 'டாட்டோர்ட்' என்னும் துப்பறியும் தொடர். 1970 முதல் ஒளிபரப்பாகும் அதனை ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் மாணவர்கள் கூடியிருந்து பார்ப்பதுண்டு. அத்துடன் ஞாயிறு முடிகிறது.

இதில் பாடம் எங்கே என்று கேட்கலாம். வகுப்பறையில் இலக்கணமாகப் பயின்ற ஜெர்மன் மொழி, புல்வெளிப் பேச்சில்தான் நாவில் தங்குகிறது. வார நாளில் எதிர்ப்பட்டால் தலையசைத்துச் செல்லும் சகமாணவர், அன்றுதான் தம் ஊரையும் தாயையும் பற்றிப் பேசுகிறார். வாரமெல்லாம் கேட்ட விரிவுரைகள் உள்ளத்தில் செரிமானம் ஆவதும் அன்றுதான்.

சட்டம் காக்கும் ஓய்வு

இவ்வோய்வு சோம்பேறிகள் தேடிக்கொண்ட சலுகையன்று. அரசியல் சட்டத்தின் காவல் பெற்றது. கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறன்று நீதிமன்றங்களும் நகரப் பட்டறைகளும் ஓய்ந்திருக்க ஆணையிட்டார். 1919-இல் வைமார் அரசியல் சட்டத்தின் 139 ஆம் பிரிவு, ஞாயிறு உழைப்பினின்று ஓய்வதற்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாளாகச் சட்டத்தால் காக்கப்படும் என வகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949-இல் எழுந்த அடிப்படைச் சட்டம், தன் 140 ஆம் பிரிவின் வழியே அதனை அப்படியே தன்னுள் ஏற்றுக்கொண்டது.

கிறித்தவ மரபில் வந்த நாளை நம் பிள்ளைகள் ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நமக்கு வெள்ளி சிறந்த நாள். ஆயினும் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் அவரவர் தொழிலுக்குத் திரும்புதல் மார்க்கம் அனுமதித்ததே. ஆதலின் வாரத்தில் வேறொரு நாள் ஓய்வதில் முரண்பாடு ஏதுமில்லை. மேலும், ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 டிசம்பர் முதல் நாள் வழங்கிய தீர்ப்பு இங்குக் கருதத்தக்கது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்கப் பெர்லின் மாநிலச் சட்டம் இடமளித்தது. இரு பெருந்திருச்சபைகள் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. ஞாயிற்றின் பயன் வழிபாட்டோடு நின்றுவிடுவதில்லை. எல்லாரும் ஒரே நாளில் ஓய்ந்திருப்பதால்தான் குடும்பமும் நட்பும் பொதுவாழ்வும் தழைக்கின்றன என்பது அத்தீர்ப்பில் விளங்கும் உண்மை. தந்தைக்குச் செவ்வாயும் தாய்க்கு வியாழனும் ஓய்வு என்றால், அக்குடும்பத்திற்கு ஓய்வு ஏது?

வெபரும் இக்பாலும்

ஹைடல்பெர்க்கில் வாழ்ந்த பேரறிஞர் மாக்ஸ் வெபர். இடைவிடா உழைப்பை அறமாகப் போற்றிய மனப்பான்மைக்கும் முதலாளித்துவத்தின் வளர்ச்சிக்கும் உள்ள உறவை 1904, 1905 ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து எழுதியவர் அவர். தாமே ஓயாது உழைத்தவர். நரம்புத் தளர்ச்சியால் பல்லாண்டு துன்புற்று 1903-இல் பேராசிரியர் பதவியையே துறந்தார். அவரும் துணைவியார் மரியானும் முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் நெக்கார் கரையிலிருந்த தம் இல்லத்தில் ஞாயிறு பிற்பகல்களில் அறிஞர்களை வரவேற்று உரையாடினர். லூகாச், எர்ன்ஸ்ட் பிளாக், யாஸ்பர்ஸ் ஆகியோர் இளைஞர்களாக அங்கு வந்து சென்றவர்கள். உழைப்பின் இலக்கணத்தை உலகுக்கு உரைத்தவர் இல்லத்திலேயே ஓய்வு, சிந்தனையின் நாற்றங்காலாக விளங்கியது!

நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. அல்லாமா இக்பால் 1907-இல் ஹைடல்பெர்க்கில் தங்கி ஜெர்மன் மொழி பயின்றார். மியூனிக் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. பாரசீகத் தத்துவ வளர்ச்சி பற்றிய அவருடைய ஆய்வு 1908-இல் நூலாயிற்று. அவ்வாய்வை அறிஞர் அறிவர். ஆனால், நெக்கார் கரையின் மாலை அமைதியைப் பற்றி அவர் பாடிய சிறு கவிதையைப் பாமரரும் போற்றுவர். அவர் நினைவாக அங்கே ஆற்றங்கரையின் ஒரு பகுதி 'இக்பால் கரை' எனப் பெயர் பெற்றுள்ளது. ஆய்வு நூலகத்தில் பிறந்தது. கவிதை கரையில் பிறந்தது. இரண்டும் கூடியே மாணவர் இக்பாலை உருவாக்கின.

ஓய்வு வேறு, மடி வேறு

வள்ளுவர் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே வகுத்தாரே, ஓய்வைப் புகழலாமா எனத் தமிழன்பர் கேட்கலாம். மடி என்பது செய்ய வேண்டியதைச் செய்யாது கிடத்தல். ஓய்வு என்பது செய்து முடித்தவன் இளைப்பாறுதல். ஆறு நாள் உழையாதவனுக்கு ஏழாம் நாள் ஓய்வாகாது, அதுவும் மடியே. வாரமெல்லாம் உறங்கிவிட்டு ஞாயிற்றைத் துணைக்கு அழைக்கும் மாணவருக்கு இக்கட்டுரை பரிந்து பேசவில்லை.

எல்லார்க்கும் கிட்டுகிறதா?

உண்மையை முழுதும் சொல்ல வேண்டும். அந்த அமைதியான ஞாயிறு நம் பிள்ளைகள் எல்லார்க்கும் கிட்டுவதில்லை. விசா பெறுவதற்கு ஓராண்டுச் செலவுக்கென வங்கியில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது. ஹைடல்பெர்க் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர் பெரும்பாலோர்க்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சில் வரம்பு தளர்த்தப்பட்டது. ஆகவே, கடை அடைத்த ஞாயிறுகளில் முதுகில் உணவுப் பெட்டியைச் சுமந்து மிதிவண்டியில் விரையும் இளைஞருள் நம் நாட்டு மாணவரும் உளர். பிறர் ஓய்வுக்கு உணவு சுமப்பவர்க்கு ஓய்வு இல்லை. அவர் படிப்பிலும் உடலிலும் அதன் சுமை தெரியாமல் போகுமா?

பிள்ளை வேலை செய்தே ஆக வேண்டிய நிலை சில குடும்பங்களில் உண்டு. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால், தேவை இல்லாத இடத்திலும் "சும்மா இருக்கும் நாளில் நாலு காசு சம்பாதிக்கலாமே" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது மாற வேண்டும். கல்விக்கு உதவும் அறக்கட்டளைகளும் செல்வர்களும் கட்டணத்தைக் கணக்கிடுவது போலவே மாணவரின் வாராந்திர ஓய்வையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். ஒருவர்க்கு இன்னும் சிறிது கூட்டித் தந்தால் அவருக்கு ஒரு ஞாயிறு கிடைக்குமெனில், அதுவும் கல்விக்கு ஈந்த கொடையே.

தனிமையையும் மறத்தலாகாது. தெருக்கள் அடங்கிய அந்நாளில், புதிதாக வந்த மாணவருக்கு அறை சிறைபோல் தோன்றும். அந்நேரத்தில் வீட்டிலிருந்து வரும் குரல் விசாரணையாக அமையாமல் ஆறுதலாக அமைதல் வேண்டும். "இன்று என்ன படித்தாய்?" என்பதை விடுத்து, "இன்று யாரோடு நடந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய்திறந்து பேசும். அவ்வாரத்தின் உண்மையான செய்திகள் அப்போதுதான் உங்கள் செவிக்கு எட்டும்.