ஆடித் திருவாதிரை அரியலூருக்கு மட்டுமா?

2025 ஜூலை 23 அன்று அரியலூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. முதலாம் ராஜேந்திர சோழன் பிறந்த ஆடித் திருவாதிரை என்பதால் கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா. பெரம்பலூர் மாவட்டத்துக்கு அந்த விடுமுறை இல்லை. 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமாகும்வரை கங்கைகொண்ட சோழபுரமே பெரம்பலூர் மாவட்டத்து ஊர்தான்.

இந்த நாள் நமக்குக் கிடைத்ததே ஒரு கல்வெட்டால். ராஜேந்திரன் பிறந்தது மார்கழித் திருவாதிரையில் என்றுதான் முன்பு ஆய்வாளர்கள் கருதினார்கள். திருவாரூர்க் கோயில் கல்வெட்டோ தந்தை ராஜராஜனுக்கு ஐப்பசிச் சதயத்தையும் மகனுக்கு ஆடித் திருவாதிரையையும் சொல்கிறது. அரசர் பிறந்த நட்சத்திரத்தில் கோயிலில் விழா எடுப்பதும், அதற்கான நிவந்தத்தைக் கல்லில் வெட்டுவதும் சோழர் காலத்து வழக்கம். அந்த வழக்கம்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நாளைத் தவறாமல் காத்தது. தமிழக அரசு 2022இல் இதை அரசு விழாவாக்கியது. அந்த ஆண்டு திருவாதிரை ஜூலை 26இல் வந்தது. நட்சத்திரம் 27 நாளுக்கு ஒருமுறை திரும்பும், ஆடிக்கோ 31 அல்லது 32 நாள். அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் இடம் மாறும். சில ஆண்டுகளில் ஒரே ஆடியில் இரண்டு திருவாதிரைகூட வரும்.

நாளைக் காத்த அளவுக்கு நகரத்தை நாம் காக்கவில்லை. கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்குப் பின், 1025 வாக்கில் தஞ்சையிலிருந்து தலைநகர் இங்கே வந்தது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு சோழப் பேரரசு இங்கிருந்துதான் ஆளப்பட்டது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை எழுந்தபோது கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெரிய கோயில் நிற்கிறது, 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டிலோ செங்கல் அடித்தளங்கள்தான் மிச்சம். மாநிலத் தொல்லியல் துறை 1980களிலும், மறுபடி 2021 முதலும் அங்கே தோண்டியது. சீனப் பானையோடுகள் கிடைத்த மண் அது. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இன்று பொன்னேரி என்ற பெயரில் பக்கத்திலேயே கிடக்கிறது.

கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் மாளிகைமேட்டை எட்டிப் பார்க்காமலே திரும்புகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். உள்ளூர் விடுமுறை விட்டால் ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறையன்று வீட்டில் ஒரு நாள் ஓய்வு, அவ்வளவுதான். அந்த நாளையே பாடநாளாக்கலாம். பேருந்துச் செலவை அரசு ஏற்கட்டும். தொல்லியல் அலுவலர்கள் மாளிகைமேட்டில் நின்று விளக்கட்டும். அரியலூர்ப் பிள்ளைகளோடு பெரம்பலூர்ப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இரு மாவட்ட ஆட்சியர்களும் அடுத்த ஆடிக்கு முன்பே இதற்கு ஆணையிட வேண்டும்.