பால் கட்டும் நேரமும் வேலை நேரமே

பால் போதவில்லை என்ற கவலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பால் மிகுந்து, மார்பு கல்லாக இறுகி, சட்டை நனைந்து, அதை மறைக்கத் துண்டைப் போர்த்திக்கொண்டு வேலை செய்யும் தாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கங்காணியிடம் சொல்ல வெட்கம். பக்கத்தில் நிற்பவளிடம் சொல்லவும் கூச்சம். மரத்தடிக்குப் பின்னால் போய் மண்ணில் பீச்சிவிட்டு வந்தால், "எங்கே போனாய்?" என்ற கேள்வி. இது பெண்களின் தனிப்பட்ட உபாதை அல்ல. கூலியோடும் சட்டத்தோடும் சேர்ந்த தொழிற்சங்கப் பிரச்சினை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலானவை இன்றும் கூலி உழைப்பையே நம்பியிருக்கின்றன. மலையில் பிள்ளைக்காம்பராவாவது இருந்தது. இங்கே நடுகைக்கும் கச்சான் பிடுங்கவும் போகும் தாய்க்கு அதுவும் இல்லை. பிள்ளை வீட்டில் பசியில் அழும். தாய் வயலில் பால் கட்டி நோவாள்.

பால் மிகுவது நோயல்ல. பிள்ளை பிறந்த முதல் வாரங்களில் பால் தேவைக்கு மேல் சுரப்பது வழமை. பிள்ளை குடிக்கும் அளவைப் பார்த்து உடல் தானே சரிப்படுத்திக்கொள்ளும். ஆனால் வேலைக்குத் திரும்பியதும் அந்த ஒழுங்கு குலைகிறது. ஆகவே சில விடயங்களை அம்மாமாரும் மாமிமாரும் கணவன்மாரும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்குப் புறப்படு முன்பும் வந்தவுடனும் பிள்ளைக்குக் கொடுங்கள். இடையில் கட்டினால் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் கையால் பீச்சுங்கள். முழுவதும் பீச்சினால் உடல் இன்னும் கூடச் சுரக்கும். பால் கொடுத்த பின் குளிர்ந்த ஈரத் துணியை வையுங்கள். கட்டியை அழுத்திப் பிசைய வேண்டாம். பால் வேகமாக வந்து பிள்ளைக்குப் புரையேறினால், தாய் சற்றுப் பின்னால் சாய்ந்திருந்து கொடுக்கலாம். மார்பு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம்மிடையே பழைய கைவைத்தியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வும் அது பால் சுரப்பைக் குறைக்கிறது என்றே காட்டியது. பால் வற்ற வேண்டிய தாய்க்கு உரிய வழி அது. வேலைக்குப் போகும் வசதிக்காகப் பாலை வற்றவைத்தால், அடுத்த வாரம் பால்மா பெட்டிக்குக் கடன் சொல்ல வேண்டிவரும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தரும் விடுமுறையோ 12 வாரம். அதில் 10 வாரம்தான் பிரசவத்துக்குப் பின். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்களுக்கு 6 வாரம் மட்டும் என்றிருந்த பாகுபாடு 2018ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் நீங்கியது. ஆக, பிள்ளைக்கு மூன்று மாதம் நிறையுமுன்னே தாய் வேலைக்குத் திரும்புகிறாள்.

இந்த இடைவெளியை நிரப்பவே அதே சட்டம் பாலூட்டும் இடைவேளையைத் தந்திருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, 9 மணி நேர வேலையில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. பாலூட்டும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்கிறது சர்வதேச தொழில் அமைப்பின் 103ஆம் இலக்கச் சமவாயம். இலங்கை அதை ஏற்றுக் கையொப்பமிட்ட நாடு.

ஆனால் கிலோக் கணக்கிலும் நிரைக் கணக்கிலும் கூலி வாங்குபவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் எங்கே? எடுத்தால் அரைப் பேர். எடுக்காவிட்டால் பால் கட்டு. பிள்ளையின் பசிக்கும் அன்றைய கூலிக்கும் நடுவில் ஒரு தாயை நிறுத்துவது நியாயமல்ல.

எனவே நாம் கேட்பது மூன்று. பாலூட்டும் தாயின் நிறைக் கணக்கு அந்த நேரத்துக்கு ஏற்பக் குறைக்கப்பட வேண்டும். பேர் வெட்டக் கூடாது. வேலைத்தலத்தில் மறைவான, நிழலான, கை கழுவத் தண்ணீர் உள்ள ஓர் இடம் வேண்டும். நாளொரு வயலில் வேலை செய்யும் கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை எட்டும் வகையில் சட்டம் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும்.

இடைவேளை மறுக்கப்பட்ட சகோதரிகள் நாள், நேரம், வெட்டிய தொகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அதைக் கிளைத் தலைவியிடம் கொடுங்கள். தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவது சங்கத்தின் பொறுப்பு. வெட்கப்பட வேண்டியவர் சட்டை நனைந்த தாய் அல்ல. அவளுடைய பேரை வெட்டுகிறவரே.