பூங்காவுக்குக் காவல் உண்டு, பாதைக்கு?

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவிலே விடுமுறைதோறும் கூட்டம் நிறைகின்றது. குன்றின் அயலிலே கூடாரம் அடித்து இரவைக் கழித்து, விடிந்ததும் நீர்ப்பூங்காவைச் சுற்றி வருவோர் பலர். அவருள் நம் வழக்கறிஞரும் உளர்; ஆசிரியரும் உளர்; அறுவடை முடித்துக் குடும்பத்தோடு வரும் கமக்காரரும் உளர். வரட்டும்! அழகைக் கண்டு மகிழ்வது குற்றமன்று.

477 முதல் 495 வரை அரசாண்ட காசியப்பன் தன் நகரிலே அமைத்த பூங்கா அது. நிலத்தடிக் கால்வாய்களால் நீரைக் கொணர்ந்து, துளையிட்ட கற்பலகைகளின் வழியே பீறிடச் செய்தனர். எந்திரமில்லை, நீரின் அழுத்தமே விசை. மாரியிலே அந்நீரூற்றுகள் இன்றும் எழுகின்றன. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இத்தகைய சின்னங்களைக் காக்கின்றது. 1982இல் யுனெஸ்கோவும் சிகிரியாவை உலக மரபுரிமையாக ஏற்றது. நன்று!

ஆயின், உங்கள் கூடாரத்துக்குச் சில மைல் அப்பால் தம்புள்ளை இருக்கின்றது. அவ்வழியே நடந்தவர் யாரெனப் பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழகத்து ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை! அவர்களும் வழியிலே இரவு தங்கினர், உல்லாசத்துக்காக அன்று. நல்ல நீரின்றியும், வாந்திபேதியாலும், காய்ச்சலாலும் மாண்டோர் பலர். எஞ்சியோர் காட்டைத் தோட்டமாக்கினர். அதற்குக் கைம்மாறு என்ன? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கியது. அக்குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

2023இல் மலையக மக்களும் அவர்தம் நண்பரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, இருநூறாண்டு வரலாற்றை நாட்டுக்கு நினைவூட்டினர். அவர்கள் நடந்தார்கள். படித்த நாம் என்ன செய்தோம்?

அரசனின் பூங்கா வேண்டாம் என்கிறோமா? இல்லை. அரசனின் தடாகத்தை அளந்து காக்கும் அரசு, ஏழைகள் தங்கிய இடங்களையும் மாண்ட இடங்களையும் அளந்து, மும்மொழியிலும் கல் நாட்டட்டும் என்கிறோம். இது சலுகையன்று, நியாயம்.

சட்டமறிந்தோர் மனு வரைக. பாதையோரக் கமக்காரர் தம் ஊர் முதியோர் காட்டும் இடங்களைக் குறித்துத் தருக. அடுத்த விடுமுறையில் கூடாரத்தைச் சுருட்டியதும் நேரே வீடு திரும்பாதீர்கள். பிள்ளைகளுடன் அப்பாதையிலே மாத்தளை வரை சென்று, இக்கதையைச் சொல்லுங்கள். நாமே மறந்துவிட்டால், அரசு நினைக்குமா?