அடுத்தவர் மாத்திரையும் அடுத்தவர் சஸ்பென்ஷன் செட்டிங்கும்

1/ போன மாசம் ஓபிக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 23, எடை 56 கிலோ. இடது காலர் எலும்பு முறிவு. "வளைவுல ரோட்டுக்கு ஒட்டுப் போட்டிருந்தாங்க சார். சின்ன மேடுதான். பின்சக்கரம் தூக்கி அடிச்சிடுச்சு." சஸ்பென்ஷன் எப்படி வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். அந்த வலியிலயும் பெருமையாச் சொன்னார்: "ஃபுல் ஹார்டு சார். ட்ராக் செட்டிங்."

2/ அந்தப் பெருமையை எதிர்த்துத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுறவங்களும், பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த அப்பா அம்மாவும் கடைசிவரை படிங்க. நானும் ட்ராக் டே போறவன்தான். பைக்கே வேண்டாம்னு அறிவுரை சொல்ல வரல.

3/ அவருக்கு அந்த செட்டிங் கிடைச்சது ஒரு ரீல்ஸ்ல. பேசினவரோட எடை என்ன? தெரியாது. எந்த ட்ராக்ல ஓட்டினார்? தெரியாது. என்ன டயர்? தெரியாது. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கேட்ட பிரஷர் மாத்திரையை நீங்க வாங்கி முழுங்குவீங்களா? இதுவும் அதேதான். எடை கேட்காம டோஸ் சொல்றவர் டாக்டரும் இல்ல, ட்யூனரும் இல்ல.

4/ அடிப்படையில இருந்து வருவோம். உங்க வண்டி ரோட்டைத் தொடுறது ஒவ்வொரு டயருக்கும் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு இடத்துலதான். பிரேக், வளைவு, வேகம் எல்லாத்துக்கும் அதுதான் ஆதாரம். அந்த உள்ளங்கை ரோட்டை விட்டு எழும்பாமப் பார்த்துக்கிறதுதான் சஸ்பென்ஷனோட முதல் வேலை. சொகுசு ரெண்டாவது. காத்துல நிக்கிற டயர் எவ்வளவு விலை உயர்ந்ததா இருந்தாலும் கிரிப் பூஜ்யம்.

5/ சரி, ட்ராக்ல ஏன் கொஞ்சம் இறுக்குறாங்க? இருங்காட்டுக்கோட்டை ட்ராக் சுமார் 3.7 கிமீ. அதே வளைவு ஒவ்வொரு சுற்றுலயும் வரும். எதிர்ல லாரி வராது. மணல் சிந்திக் கிடக்காது. வேகத்தடை கிடையாது. அங்க பிரேக்கை முழு பலத்தோட பிடிப்பீங்க, முன் ஃபோர்க் ஆழமா அமுங்கும். அதைத் தாங்கத்தான் அந்த இறுக்கம். அங்கயும் விஷயம் தெரிஞ்சவங்க யாரும் கடைசிவரை திருகி வைக்கிறது இல்ல.

6/ இப்ப நம்ம ரோடு. இந்தியச் சாலை காங்கிரஸ் வழிகாட்டுதல்படி வளைவான வேகத்தடைன்னா 3.7 மீட்டர் அகலம், 10 செமீ உயரம். 25 கிமீ வேகத்துல தாண்டுற மாதிரி. உங்க தெருவுல இருக்கிறது அப்படியா இருக்கு? ராத்திரியோட ராத்திரியா கொட்டிட்டுப் போன தார்க் கட்டி. அதைத் தாண்டினா பாதாளச் சாக்கடை மூடி. அதுக்குப் பிறகு கேபிள் போடத் தோண்டி அரைகுறையா மூடின பள்ளம். இந்த ரோட்டுக்கு ட்ராக் செட்டிங் எதுக்கு?

7/ "ப்ரீலோட் ஏத்தினா ஸ்ப்ரிங் ஹார்டு ஆகும்." இந்தத் துறையிலேயே பெரிய பொய் இதுதான். ஸ்ப்ரிங் இன்னும் 1 மிமீ அமுங்க எவ்வளவு எடை வேணுமோ, ப்ரீலோட் எவ்வளவு திருகினாலும் அதே எடைதான் வேணும். ப்ரீலோட் மாத்துறது, நீங்க ஏறி உட்கார்ந்ததும் வண்டி எந்த உயரத்துல நிக்குதுங்கிறதை. அவ்வளவுதான்.

8/ அப்ப ஏன் கல்லு மாதிரி இருக்கு? 56 கிலோ ஆள் ஃபுல் ப்ரீலோட் வச்சா, ஏறி உட்கார்ந்தும் வண்டி அமுங்கவே அமுங்காது. அதனால சக்கரம் கீழ இறங்க இடமே இருக்காது. பள்ளம் வந்தா சக்கரம் பள்ளத்துக்குள்ள போகாம அந்தரத்துல நிக்கும். வளைவுல சாய்ஞ்சிருக்கும்போது இது நடந்தா என்ன ஆகும்னு அந்தத் தம்பியோட எக்ஸ்ரே சொல்லும்.

9/ "அது ரோடு போட்டவன் தப்பு டாக்டர், அவங்களைத் திட்டுங்க." திட்டுறேன். தப்பு அவங்களோடதும்தான். வேகமும் ஒரு காரணம்தான், சஸ்பென்ஷன் மட்டுமே விழ வச்சதுன்னு நான் சொல்லல. ஆனா ரோட்டை இன்னைக்கு உங்களால மாத்த முடியாது. வேகத்தையும் அந்தத் திருகையும் இன்னைக்கே மாத்தலாம்.

10/ விழாதவங்களுக்கும் சொல்றேன். உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு, விநாடிக்கு 4 முதல் 6 தடவை வர்ற மேல்கீழ் ஆட்டத்துலதான் அதிகமா அதிரும். வருஷக்கணக்கா இப்படிக் குலுங்கி வேலை பார்க்கிற டிரைவர்களுக்கு இடுப்புவலி அதிகம்கிறது தொழில் மருத்துவத்துல பழைய பாடம். தினமும் 40 கிமீ ஆபீஸ் போயிட்டு "டிஸ்க் ப்ராப்ளமா டாக்டர்?"னு வர்றவங்ககிட்ட நான் இப்ப வண்டியோட செட்டிங்கையும் கேட்கிறேன்.

11/ வண்டி எடுக்கிறப்ப ஷோரூம்ல இஎம்ஐ கேட்டாங்க, இன்ஷூரன்ஸ் கேட்டாங்க, கலர் கேட்டாங்க. உங்க எடையை யாராவது கேட்டாங்களா? 55 கிலோ பொண்ணுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே செட்டிங்ல சாவி குடுக்கிறாங்க. எந்தக் கம்பெனின்னு இல்ல, இது ஊர் வழக்கம். அந்த வழக்கம் மாறணும்.

12/ மாத்திக்கிற வசதி இப்ப எட்டாத உயரத்துல இல்ல. 2021-ல அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு முழுசா அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய சஸ்பென்ஷன் கிட் வந்துச்சு. புது 390 டியூக்ல ஃபோர்க் தலையிலயே கிளிக்கர் இருக்கு. உங்க வண்டியில பின்னாடி ப்ரீலோட் மட்டும்தான் இருக்கா? பரவாயில்லை, பாதி வேலை அதுலயே முடியும்.

13/ செய்யவேண்டியது இது. முதல்ல டயர் பிரஷர் சரி பாருங்க. இப்ப இருக்கிற எல்லா செட்டிங்கையும் எழுதி வைங்க. ரெண்டு நண்பர்கள், ஒரு டேப். பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கி இருக்கும்போது, அச்சுல இருந்து நேர் மேல சீட்டுப் பக்கம் ஒரு புள்ளி வரை அளங்க. உதாரணமா 560 மிமீ.

14/ அடுத்து ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டு, ஓட்டுற மாதிரியே உட்காருங்க. ஒருத்தர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருத்தர் அளக்கட்டும். 525 வந்தா வித்தியாசம் 35 மிமீ. இதுக்குப் பேர் ஸாக். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ரோட்டுல 30 முதல் 40 மிமீ, ட்ராக்ல அதைவிட சுமார் 5 மிமீ குறைவு. மேனுவல்ல வேற சொல்லியிருந்தா மேனுவல் சொல்றதைக் கேளுங்க.

15/ ஸாக் அதிகமா இருந்தா ப்ரீலோட் ஏத்துங்க, குறைவா இருந்தா இறக்குங்க. கடைசிவரை ஏத்தியும் 50 மிமீ அமுங்குதா? உங்க எடைக்கு ஸ்ப்ரிங் மெலிசு. முழுசா இறக்கியும் 20 தாண்டலையா? ஸ்ப்ரிங் தடிமன். அதுக்கு ஸ்ப்ரிங் மாத்தணும். திருகை மேல மேல முறுக்குறது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற மாதிரி.

16/ அப்புறம் ரீபவுண்ட். சீட்டை அழுத்தி விடுங்க. ஒரு தடவை எழும்பி நின்னா சரி. ரெண்டு மூணு தடவை துள்ளினா டேம்பிங் பத்தல. கதவு க்ளோசர் மாதிரி ரொம்ப மெதுவா எழும்பினா அதிகம். அதிகமா இருந்தா தொடர் பள்ளத்துல சக்கரம் கீழ இறங்குறதுக்குள்ள அடுத்த அடி விழும். வண்டி அமுங்கிக்கிட்டே போய்க் கட்டை மாதிரி ஆயிடும்.

17/ கிளிக்கரை மெதுவா முழுசா மூடிட்டு, அங்கிருந்து திறந்துக்கிட்டே எண்ணுங்க. பலமா முறுக்காதீங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, அதுவும் ஒண்ணு ரெண்டு கிளிக். அதே ரோடு, அதே மிதமான வேகம். எழுதி வைங்க. நாங்க மாத்திரை டோஸ் ஏத்துற முறையும் இதுதான். மூணு மருந்தை ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு எவருக்கும் தெரியாது.

18/ ட்ராக் டே போறவங்களுக்கு ஒண்ணு. அங்க இறக்கின டயர் காத்து, ஏத்தின கிளிக் எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடி பழையபடி மாத்துங்க. நாள் முழுக்க ஓட்டின களைப்பு, தலைக்குள்ள ட்ராக் வேகம், வண்டியிலயும் ட்ராக் செட்டிங். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில அப்படி வீடு திரும்புறதுதான் அந்த நாளோட மிக ஆபத்தான சுற்று.

19/ ரீல்ஸ் போடுற தம்பிகளே, கிளிக் எண்ணிக்கை சொல்றதா இருந்தா கூடவே உங்க எடை, டயர், ஓட்டின இடம் மூணையும் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா அந்த வீடியோவை எடுத்துடுங்க. அதைப் பார்த்து ஒருத்தர் திருகை முறுக்குறார். அவர் கடைசியில வர்றது என் ஓபிக்கு.

20/ அந்தத் தம்பிக்கு எலும்பு கூடிக்கிட்டிருக்கு. போன தடவை செக்கப்புக்கு வந்தப்ப ஒரு துண்டுச் சீட்டு காட்டினார். நண்பர்கள் உதவியோட அளந்திருக்கார்: ஸாக் 14 மிமீ. இறக்கி 33-க்குக் கொண்டுவந்துட்டாராம். இன்னும் ஓட்டல, நான் சொல்ற வரைக்கும் ஓட்டவும் மாட்டார். இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் அளந்துட்டு, உங்க எடையையும் ஸாக் அளவையும் கீழ போடுங்க.